கர்ப்பப்பையில் கட்டி என்று சொன்னேன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில் தொடங்கியது இது. புத்தளம் நகரத்தை ஒட்டிய தில்லையடியில் இருக்கிறோம். அப்போது எனக்கு நாற்பத்திநாலு வயது. ஊரிலேயே ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணவர் டவுனில் சாமான் கடை வைத்திருக்கிறார்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரையும் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு வயிறு உள்ளே போகவே இல்லை. வெட்டுத் தழும்புக்கு மேலே ஒரு மடிப்பாகத் தொங்கியது. தொடைகள் இரண்டும் உரசும். வீட்டிலிருந்து பாடசாலைக்கு இருபது நிமிட நடை. நம்மூர் வெயிலில் அந்த இருபது நிமிடத்துக்குள் தோல் சிவந்து எரியத் தொடங்கிவிடும். பவுடர் போட்டுப் பார்த்தேன், எண்ணெய் தடவிப் பார்த்தேன். சோற்றை நிறுத்தினேன். அதிகாலையில் சுபஹுத் தொழுதுவிட்டுக் களப்புக் கரையோரம் நடந்தேன். முகம் மெலிந்தது, கை மெலிந்தது, வயிறும் தொடையும் மட்டும் அசையவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஒருநாள் சிலாபத்துக்குப் போகிற பஸ்ஸில் ஒரு வாலிபன் என்னைக் கண்டதும் துள்ளி எழுந்து, கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று எழுதியிருந்த ஆசனத்தைக் காட்டினான். பஸ்ஸே பார்த்தது. உட்கார்ந்தேன். சிலாபம் வரும்வரை கர்ப்பிணியாகவே இருந்தேன். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு மாணவியின் தாய் என் காதுக்குள், “எத்தன மாசம் டீச்சர்?” என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கைத்தொலைபேசியில் தேடித்தேடித்தான் லைப்போசக்ஷன் என்கிற சத்திரசிகிச்சையைப் பற்றி அறிந்தேன். தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுப்பது. கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு டொக்டரிடம் போனோம். அவர் ஒளிக்காமல் பேசினார். இது மெலிவதற்கான வைத்தியமில்லை, உடம்பின் வடிவத்தைக் கொஞ்சம் திருத்துவது மட்டும்தான் என்றார். சொன்னபடி நடக்காவிட்டால் கரைச்சல் வரும் என்றும் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வயிற்றுக்கும் தொடைகளுக்கும் ஒரே தடவையில் செய்வதென்று முடிவாயிற்று.

திரும்பி வரும்போது கணவர் கேட்டார்.

“ஊருக்கு என்ன காரணம் செல்லப் போறாய்?”

எனக்கு அதுவரை அந்த யோசனையே வரவில்லை.

“கொழுப்பு எடுக்கப் போறன் எண்டு செல்லேலுமா? அல்லாஹ் தந்த உடம்ப வெட்டி அழகு பாக்கிறா எண்டு செல்லுவாங்க. அதுவும் டீச்சர். பள்ளிவாசல் வரைக்கும் கதை போகும்” என்றார்.

பிறகு நான்தான் சொன்னேன். அவர் சொல்லித் தரவில்லை. “கர்ப்பப்பையில கட்டி எண்டு செல்லுவம். என்ட வயசுல எத்தன பேருக்கு எடுக்கிறாங்க. ஒருத்தரும் துருவிக் கேக்க மாட்டாங்க.”

அவ்வளவு இலகுவாக இருந்தது. ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒரு டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அதிபர் விடுமுறை முடிந்த பிறகும் தேவையான நாள் எடுங்கள் என்றார். உறவுக்காரப் பெண்கள் கூடி எனக்குச் சுகமாக வேண்டி யாசீன் ஓதினார்கள். வெட்கமாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கவனிப்பு பிடித்தும் இருந்தது.

இனி அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருந்த பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அவருடைய கணவர் உப்பளத்தில் வேலை செய்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் அப்போது ஏழாம் ஆண்டில் என்னிடம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் வீட்டிலிருந்தபடி தைப்பார். என் சட்டைகள், அபாயாக்கள் எல்லாம் அவர் கையால் தைத்தவைதான். வேறு தையல்காரிகளிடம் போனால் இடுப்பளவை முற்றத்துக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்லி எழுதுவார்கள். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேசாமல் கொப்பியில் எழுதிக்கொள்வார். என் உடம்பை எனக்குப் பிறகு நன்றாகத் தெரிந்த ஆள் அவர்தான். அவரிடமும் கட்டி என்றே சொன்னேன்.

“பயப்பட வேணாம் டீச்சர். நான் ஒங்களுக்காக நோன்பு நேந்திருக்கன்” என்றார்.

ஒப்பரேசன் அன்று காலையில் கண்ணாடிக்கு முன் நிற்க வைத்து, டொக்டர் பேனையால் என் வயிற்றிலும் தொடைகளிலும் வட்டம் வட்டமாகக் கீறினார். பிறகு மயக்க மருந்து. கண் விழித்தபோது நெஞ்சுக்குக் கீழேயிருந்து முழங்கால் வரை இறுக்கமான ஓர் உடுப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். அங்கங்கே சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. உடம்பு முழுக்க அடித்துத் துவைத்துப்போட்ட மாதிரி நோவு. மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். இந்த உடுப்பைக் கழற்றவே கூடாது, ஐந்தாம் நாள் கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்று தாதி இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

ஐந்தாம் நாள் கற்பிட்டியிலிருந்து என் கணவரின் சொந்தக்காரர்கள் வான் பிடித்து என்னைப் பார்க்க வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர். அவர்களை வைத்துக்கொண்டு கொழும்புக்கு எப்படிப் போவது? போதாக்குறைக்கு, வந்த பெண்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்வார்கள். உள்ளே போட்டிருக்கிற அந்தத் தடித்த உடுப்பு கையில் பட்டால் என்னவென்று கேட்பார்களே என்று, அவர்கள் வருவதற்கு முன் அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அடுத்தடுத்த நாட்களும் ஆட்கள் வந்தார்கள். உடுப்பு அலுமாரியிலேயே கிடந்தது.

விளைவு சொல்லத் தேவையில்லை. கொழுப்பு எடுத்த இடமெல்லாம் நீர் கட்டிக்கொண்டது. பத்தாம் நாள் காய்ச்சலும் நடுக்கமும். கிருமி பரவத் தொடங்கியிருந்தது. திரும்பவும் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் இரண்டு பக்கமும் துளைத்துக் குழாய் வைத்து நீரை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, வீட்டில் ஆட்கள் இருந்தார்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு இரண்டு மாதம் படுக்கை. என் மூத்த மகள் கலியாணம் கட்டி வெளியூரில் இருந்தாள். அவளால் பத்து நாள்தான் நிற்க முடிந்தது. மிச்ச நாளெல்லாம் என்னைப் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரர்தான். காலையில் கஞ்சி கொண்டு வருவார். மத்தியானம் சோறும் முள்ளெடுத்த மீன் ஆணமும். என் பிள்ளைகளின் பாடசாலை உடுப்பைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் போய்த் தைப்பார். நான் வேண்டாம் என்றால், “நீங்க என்ட புள்ளக்கிப் படிப்பிக்கிறீங்க. நான் இதாவது செய்யக் கூடாதா?” என்பார்.

உடுப்பு மாற்றுகிற நேரம் மட்டும் அவரை வெளியே போகச் சொல்வேன். ஒருநாள் கதவைத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். கஞ்சிக் கோப்பையோடு அவர் உள்ளே வந்துவிட்டார். வயிற்றில் குழாய் வைத்த காயம், தொடையெல்லாம் ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றிப்போன நிறம், உள்பக்கத்தில் ஆறாத ஓட்டைகள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கோப்பையை மேசையில் வைத்தார். கஞ்சி சிந்தியது.

“யா அல்லாஹ். கர்ப்பப்பைக்குச் செஞ்சதுக்குத் தொடையில என்ன டீச்சர் இது?”

எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. “தொடையால குழாய் உட்டுத்தான் உள்ளுக்குப் போவாங்க” என்றேன்.

பதினெட்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கர்ப்பப்பையைக் கீறிப் பாகம் குறித்துக் காட்டுகிறவள். அவர் எட்டாம் ஆண்டோடு நின்றவர். நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகுதான் சொன்னார். அவருக்கு ஆறேழு மாதமாக இரத்தம் நிற்காமல் போகிறதாம். வைத்தியசாலையில் காட்டியிருக்கிறார். சோதித்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருக்கிறது, இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் வைத்திருக்காமல் எடுத்துவிடுவது நல்லது என்று சொன்னார்களாம். அடுத்த மாதத்துக்குத் திகதியும் கொடுத்திருக்கிறார்கள்.

“ஒங்களுக்கு சுகமானதும் கேப்பம் எண்டு ஈந்தன். இப்படித்தான் நோகுமா டீச்சர்?”

அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே தாங்க முடியாத நோவு. என் நோவை நினைத்து எனக்கே பரிதாபமாக இருந்தது. “ஓம். சரியான நோவு. இந்த நிலம எதிரிக்கும் வரக்கூடாது” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் சிந்திய கஞ்சியைத் துடைத்துவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஜனவரியில் பாடசாலைக்குத் திரும்பினேன். காயங்கள் ஆறியிருந்தன. வயிற்றுத் தோல் அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருந்தாலும் உடுப்புக்கு மேலே தெரியாது. நடந்தால் தொடை உரசுவதில்லை. எல்லாரும் மெலிந்துவிட்டீர்கள் என்றார்கள். நோய் வருத்தம் வந்து மெலிந்த உடம்பு என்று பரிதாபத்தோடுதான் சொன்னார்கள். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது. பழைய அபாயாக்களைப் பிடித்துத் தைக்கக் கொடுப்பதற்குப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அவர் அளவு நாடாவைச் சுற்றினார். கொப்பியில் பழைய அளவைப் பார்த்தார். திரும்பவும் சுற்றினார்.

“கட்டி சரியான பெரிசா ஈந்திருக்கோணும்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஆச்சரியத்தில் சொன்னார்.

நான் பேச்சை மாற்றுவதற்காக, “ஒங்கட ஒப்பரேசன் என்னாச்சு? திகதி முடிஞ்சிருக்குமே?” என்று கேட்டேன்.

“நான் போகல்ல.”

“ஏன்?”

“ஒங்களப் பாத்த பொறகு எனக்கு மனசு வரல்ல டீச்சர். கொழும்புல பெரிய எடத்துல செஞ்சே ஒங்களுக்கு இப்படி ஆச்சு. எனக்கு என்னமும் ஆனா ரெண்டு பொம்புளப் புள்ளயும் என்ன செய்யும்? ஓதின தண்ணி குடிக்கிறன். நாட்டு மருந்தும் ஈக்குது. இப்ப கொஞ்சம் நல்லம்.”

அந்த இடம்தான். ஒரு நிமிடம் போதும். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். எனக்குக் கர்ப்பப்பையில் ஒன்றுமே செய்யவில்லை, நான் எடுத்தது கொழுப்பு, நீங்கள் கண்டது வேறு ஒரு ஒப்பரேசன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அவர் ஊர் முழுக்கப் பறையடிக்கிற ஆளும் அல்ல. என் இடுப்பளவையே ஒருத்தருக்கும் சொல்லாதவர்.

சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை நாள் கஞ்சி காய்ச்சித் தந்தவரிடம், நோன்பு பிடித்தவரிடம், எல்லாம் பொய் என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம். ஆசிரியர் அறையில் அழுத டீச்சர் ஞாபகம் வந்தார். யாசீன் ஓதியவர்கள் ஞாபகம் வந்தார்கள்.

“எல்லாருக்கும் எனக்கு ஆன மாதிரி ஆகாது. நீங்க போங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “நீங்க என்ட பயத்தப் போக்கச் செல்லுறீங்க. எனக்கு வெளங்குது.”

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். அவர், “போகச் சொன்னாதானே? அதுக்கு மேல என்ன செய்யேலும்? நசீப் எப்படியோ அப்படி நடக்கும்” என்றார். அது எனக்குத் தேவையான பதிலாக இருந்தது. பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை அவரை வைத்தியசாலைக்குப் போகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அரைகுறையாகவே சொன்னேன். அவர் பார்ப்போம் என்பார். பிறகு நானும் சொல்வதை விட்டுவிட்டேன். அவர் தைத்த அபாயாக்களைப் போட்டுக்கொண்டு கலியாண வீடுகளுக்குப் போய்வந்தேன்.

ஒரு வருடம் தாண்டியது. மாசி மாதத்தில் ஒருநாள், அவருடைய மூத்தவள் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்புக்கு ஓடி வந்தாள். உம்மா தையல் மெஷினுக்கு முன்னால் விழுந்து கிடப்பதாக வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. என் கணவரின் கடை வானில்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். உட்கார்ந்திருந்த இடமெல்லாம் இரத்தம். அங்கிருந்து சிலாபத்துக்கு அனுப்பினார்கள். சிலாபத்திலிருந்து மஹரகமைக்கு. மஹரகம என்றால் புற்றுநோய் என்று நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவருடைய கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உப்பில் வெடித்த பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்தார். நோய் கர்ப்பப்பையைத் தாண்டிவிட்டதாம். முதலிலேயே எடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று டொக்டர் சொன்னாராம்.

“நான் எத்தனயோ தரம் போகச் செல்லிப் பாத்தன் டீச்சர். கேக்கல்ல. டீச்சருக்கு நடந்தத நான் என்ட கண்ணால பாத்தன் எண்டு செல்லுவா. பயந்துட்டா.”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்குச் சொல்வதற்கு வேறு ஆளில்லை, அதனால் வந்து சொன்னார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனவள், அவர் எழுந்து போகும்வரை வெளியே வரவில்லை.

அடுத்த மாதம் மஹரகமைக்குத் தனியாகப் போனேன். விடுதியில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். தலைமுடி கொட்டியிருந்தது. மக்கனாவைத் தலைக்கு இழுத்துச் சரியாக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தார். நான் தடுத்தேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். மூத்தவளுக்குக் கணிதம் வருகிறதா என்று கேட்டார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். பஸ்ஸில் கொடுத்த ஆசனத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும். அலுமாரிக்குள் வைத்த உடுப்பையும், தொடையால் குழாய் விடுவார்கள் என்று சொன்ன பொய்யையும். எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியாது.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“அப்ப ஒங்கட கர்ப்பப்பை இன்னம் உள்ளுக்குத்தான் ஈக்குதா டீச்சர்?”

“ஓம்.”

“ஒண்டும் செய்யல்லயா அதுக்கு?”

“இல்ல.”

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்திருந்த என் கைக்குள் அது அப்படியே கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“மாப் செய்யுங்க” என்றேன். அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள்.

அவர் மெல்லத் திரும்பினார். “மூத்தவக்கிட்ட இதச் செல்லாதீங்க. டீச்சர் எண்டா அவக்கு உசிர். ஒங்களுக்கிட்ட படிக்காம உட்டுருவா.”

நான் காத்திருந்தேன். இன்னும் ஏதாவது சொல்வார், மாப் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

“புத்தளம் பஸ் போயிரும். நீங்க போங்க” என்றார்.

அவரை நான் உயிரோடு கண்டது அதுதான் கடைசி. போன் எடுத்தால் அவருடைய கணவர்தான் எடுப்பார். அவ தூங்குகிறா என்பார். உண்மையிலேயே தூங்கினாரோ, என்னோடு பேச விருப்பமில்லையோ, தெரியாது. ஆடி மாதத்தில் மௌத்தானார். வயது நாற்பத்திமூன்று.

ஜனாஸாவைக் குளிப்பாட்டுவதற்கு நெருங்கிய பெண்களைக் கூப்பிட்டபோது என்னையும் கூப்பிட்டார்கள். அவ்வளவு நெருக்கம் என்று ஊர் நினைத்தது. நான் தண்ணீர் ஊற்றினேன். தொடை இரண்டும் என் கையின் பருமனுக்கு வந்திருந்தன. என்னோடு நின்ற ஒரு பெண், “பாவம், எப்படி மெலிஞ்சிட்டா” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் வாளி என் கையிலிருந்து நழுவிவிட்டது. துக்கத்தில் மயக்கம் வருகிறது என்று நினைத்து என்னை வெளியே கொண்டுவந்து உட்கார வைத்து விசிறினார்கள். அன்றைக்கும் நான்தான் கவனிக்கப்பட்டேன்.

முதலிலேயே எடுத்திருந்தால் அவர் கட்டாயம் பிழைத்திருப்பாரா என்று பிற்பாடு எனக்குத் தெரிந்த ஒரு லேடி டொக்டரிடம் கேட்டேன், வேறு யாருக்கோ நடந்ததுபோல. அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் நேரத்தோடு எடுத்தவர்கள் நிறையப் பேர் நன்றாக இருக்கிறார்கள் என்றும் சொன்னார். முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு தூங்க முயற்சி செய்கிற நாட்களும் உண்டு.

வயிற்றின் சதை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் வந்துவிட்டது. டொக்டர் முதல் நாளே சொன்னதுதான். நான் அதைப் பற்றி இப்போது ஒன்றும் செய்வதில்லை. கர்ப்பப்பை ஒப்பரேசனைப் பற்றி யாராவது பெண் என்னிடம் வந்து கேட்டால், அவரைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்கு நானே போகிறேன். மூன்று பேருடன் அப்படிப் போயிருக்கிறேன். மூன்று பேரும் சுகமாக இருக்கிறார்கள். அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்குத் தகுதியில்லை என்பதும் தெரியும்.

மூத்தவள் இப்போது பதினோராம் ஆண்டு. பரீட்சைக்குப் படிக்கிறாள். விஞ்ஞானத்தில் அவள்தான் வகுப்பில் முதல். போன மாதம் இனப்பெருக்கத் தொகுதிப் பாடம் வந்தது. கரும்பலகையில் படத்தைக் கீறிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் இருந்து கொப்பியில் கவனமாகப் பாகம் குறித்துக்கொண்டிருந்தாள். பாடம் முடிந்ததும் வந்து, “டீச்சர், கர்ப்பப்பையில வருத்தம் வந்தா எடுத்துட்டா சுகமாகுமா?” என்று கேட்டாள். சுகமாகும் மகள் என்றேன். “அப்ப ஏன் உம்மா எடுக்கல்ல?” என்றாள். பயந்துட்டா என்றேன். எதைப் பார்த்துப் பயந்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

அவளிடம் சொல்லாமல் இருப்பது அவளுடைய உம்மா கேட்டுக்கொண்டதற்காகவா, அது எனக்கு வசதியாக இருப்பதாலா என்று யோசித்து யோசித்து, ஒருநாள் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்த பிறகு, என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுத்தான் அனுப்புகிறேன். இவ்வளவும் நடந்த பிறகும் எனக்கு வந்திருக்கிற தைரியம் இவ்வளவுதான்.